கடைசியாகக் கை வைத்தது யார்?

டிரம்மக்காவைத் தெரியாத அடுக்குமாடிக் குடியிருப்பு அந்தப் பக்கத்தில் ஒன்றுகூடக் கிடையாது. வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவள். மெஷினின் டிரம்மை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பாள் என்பதால் ஒரு காவலாளி வைத்த பெயர் அது. பெற்றவர்கள் வைத்த பெயரை அவளே மறந்திருப்பாள்.

முதன்முதலாக அவளைக் கூப்பிடுகிறவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். வந்ததும் வராததுமாகப் பின்மூடியைக் கழற்றுவாள் என்று பார்த்தால், கருவிப்பையைத் தரையில் போட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து, முழங்காலில் புகார் எழுதுகிற ஜாப் கார்டு அட்டையை வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவாள். என்ன பண்ணுது? "ஓடலக்கா" என்பார்கள். ஓடலன்னா? தண்ணி எடுக்குதா? சுத்துதா? சுத்திட்டு நிக்குதா? எந்த இடத்துல நிக்குது? எப்போலேர்ந்து? கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறதே, அதில்தான் ஆசாமிகள் நெளிவார்கள்.

"கடைசியா இதுல கை வச்சது யாரு?"

அந்த வரி கம்பெனி கொடுக்கிற ஜாப் கார்டில் கிடையாது. அவளாகப் பேனாவால் கோடு போட்டுச் சேர்த்துக்கொண்டது. ஏனென்றால் பத்துக்கு ஆறு பழுது தானாக வந்ததில்லை, யாரோ சரி செய்கிறேன் பேர்வழி என்று கிளம்பி வரவழைத்தது என்பது அவள் கண்ட உண்மை. ஆனால் கேட்டால் யார் ஒப்புக்கொள்கிறார்கள்? ஒரு வங்கி மேனேஜர் இருந்தார். "சத்தியமா யாரும் தொடலம்மா" என்று அடித்துச் சொன்னார். டிரம்மக்கா பின்பக்க ஸ்க்ரூவின் தலையைப் பார்த்தாள். புதுக் கீறல் பளபளத்தது. திறந்தால், உள்ளே ரப்பர் குழாய்க்குப் பார்சல் ஒட்டுகிற டேப்பைச் சுற்றிச் சுற்றிக் கட்டுப்போட்டிருந்தது. வாசற்படியில் நின்ற அவர் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "போன ஞாயித்துக்கிழமை முழுக்க மனுஷன் இதுக்குப் பின்னாடிதான் இருந்தாரு!" மேனேஜரின் முகம் போன போக்கைப் பார்த்து டிரம்மக்காவுக்கே பாவமாகிவிட்டது. "தப்பே இல்ல சார். சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுது" என்றாள். எல்லோரிடமும் சொல்வதுதான். போனில் சொல்வாள், படிக்கட்டில் சொல்வாள், அவள் வீட்டில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது மனப்பாடம்.

இந்தக் கேள்விக் கலையை அவள் எங்கே படித்தாள் என்றால், தொலைபேசியில். இருபது வயதில் ஒரு சர்வீஸ் சென்டரில் புகார் எழுதி வாங்குகிற வேலைக்குத்தான் சேர்ந்தாள். நாலு வருஷம் காதில் ரிசீவர், கையில் பேனா. போன மெக்கானிக்குகள் ஒன்றை நினைத்துக்கொண்டு வேறொன்றைக் கழற்றி, அசடு வழியத் திரும்பி வருவார்கள். இவளோ, "நான் அப்பவே நினைச்சேன், வால்வுதான்" என்பாள். ஒருநாள் சூப்பர்வைசருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "அவ்வளவு தெரிஞ்சா நீயே போய்ப் பாரேன்!" என்றார் கிண்டலாக. இவள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியே விட்டாள். பெண்பிள்ளையால் அவ்வளவு பெரிய மெஷினைச் சாய்க்க முடியுமா என்று பந்தயம் கட்டினார்களாம். ஒரு துண்டை மடித்து ஒரு காலுக்கு அடியில் கொடுத்து, இன்னொரு பக்கம் தோளைக் கொடுத்தாள். மெஷின் சாய்ந்தது. வாய்களும் மூடின. இன்றைக்குப் பதினாறு வருஷம் ஆகிறது.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஏழு எழுதினால் நடுவில் ஒரு குறுக்குக்கோடு போடுவாள். உதிரி பாகத்தின் நம்பரில் ஒன்றும் ஏழும் குழம்பி, ஒருமுறை யாருக்கோ போக வேண்டிய மோட்டார் இவளிடம் வந்து இறங்கியதிலிருந்து அப்படி.

சரி. கேள்வியால் ஊரையே உரித்தெடுக்கிற இந்த டிரம்மக்கா, பள்ளிக்கூட வாசலை மிதித்தால் மட்டும் பெட்டிப்பாம்பாக அடங்கிவிடுவாள். ஏன் என்று கேட்காதீர்கள். அந்தச் சுண்ணாம்புக்கட்டி வாசனைக்கு அப்படி ஒரு சக்தி. குட்டி பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்ததுமே நாற்பது வயதுக்காரிக்குப் பத்து வயதாகிவிடும். டீச்சர் சொல்வார்: "நல்ல பொண்ணுதான். இன்னும் கொஞ்சம் கவனம் வேணும்." இவள் சொல்வாள்: "சரிங்க டீச்சர்." அவ்வளவுதான் கூட்டம். அதற்கு அரைநாள் லீவு வேறு.

வீட்டுக்கு வந்தால் புருஷன் கேட்பார். அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். விடியற்காலையில் போய் மத்தியானமே வந்துவிடுவதால் சமையல் அவர் பொறுப்பு.

"என்னம்மா சொன்னாங்க?"

"நல்லாப் படிக்கறாளாம். கவனம் வேணுமாம்."

"போன வருஷமும் இதேதானே சொன்னாங்க?"

"ஆமா, அதே கவனம்தான். இன்னும் வரலையாம்."

இப்படியே ஆறு வருஷம் சிரித்துக்கொண்டே ஓடிவிட்டது. ஏழாம் வகுப்பில்தான் ஒரு கடிதம் வந்தது.

கணக்கு சார் கைப்பட எழுதியிருந்தார். வீட்டுப்பாடம் எல்லாம் நூற்றுக்கு நூறு சரி. பரீட்சையிலோ ஐம்பதுக்கு ஒன்பது. ஆகவே மகள் பிறரைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதுவதாகவே எண்ண வேண்டியிருக்கிறது. சனிக்கிழமைப் பெற்றோர் கூட்டத்துக்குத் தவறாமல் வரவும். திங்கட்கிழமை சி பிரிவுக்கான பட்டியல் போடப்படும்.

சி பிரிவு என்றால், கணக்கு வராத பிள்ளைகளை மறுபடி ஐந்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து ஆரம்பிக்க வைக்கிற வகுப்பு. பிள்ளைகளுக்கா பட்டப்பெயர் வைக்கத் தெரியாது? "அஞ்சாப்பு வருது, அஞ்சாப்பு வருது" என்று மணியடித்ததும் பின்னாலேயே கத்திக்கொண்டு போவார்களாம். போன வருஷம் அங்கே போன ஒரு பெண் பள்ளியையே மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

"நான் காப்பி அடிக்கல" என்றாள் மகள். பன்னிரண்டு வயது. அம்மாவின் ரோஷம் அப்படியே.

"அப்புறம் ஏண்டி ஒன்பது?"

"தெரியல. சி-ல போட்டாங்கன்னா நான் ஸ்கூலுக்கே போக மாட்டேன். சொல்லிட்டேன்."

சொன்னவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தண்ணீர்ச் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. அழுகிற சத்தம் வெளியே தெரியக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டிருக்கிறாள் என்பது பெற்றவளுக்குத் தெரியாதா? டிரம்மக்கா கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தாள். என் பொண்ணு காப்பி அடிப்பாளா? நான் தினமும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறேனே!

பார்க்கிறாள்தான். அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். போன வருஷம்வரை அவளுக்கு மத்தியான ஷிஃப்ட். வீடு திரும்ப மணி பத்தாகும். இந்த வருஷம்தான் கெஞ்சிக் கூத்தாடிப் பகல் ஷிஃப்ட் வாங்கினாள். "இனிமே பொண்ணு படிப்பு என் பொறுப்பு" என்று அறிவித்தாள். ஏழு மணிக்கு மகள் சாப்பாட்டு மேஜையில் நோட்டை விரித்தால் இவளும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வாள். கணக்கு அவளுக்குப் பிடிக்கும், நன்றாகவும் வரும். தப்பு கண்ணில் பட்டதும், "இங்க பாரு, குறி மாறிப்போச்சு" என்பாள். ரப்பரால் ஒரு தேய்ப்பு, வாயால் ஒரு ஊதல், பென்சிலால் ஒரு கோடு, அதற்குக் கீழே மாறுகிற எண்களும் அவள் கையாலேயே. முடிந்தது. பழுதென்று தெரிந்த ஒன்றைச் சரி செய்யாமல் விட்டுவிட்டு எழுந்து போக அவளால் ஆகாது. நோட்டை மூடும்போது, "ஆச்சு! ஓடும் இனிமே" என்று மகளின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பாட்டு முனகிக்கொண்டே போவாள். மகள் "சரிம்மா" என்பாள்.

சனிக்கிழமை காலையில் டிரம்மக்காவுக்குக் காபி இறங்கவில்லை.

"நான் போய் என்னங்க பேசறது? அவர் வாத்தியார். சொல்றதைக் கேட்டுக்கிட்டு வரப்போறேன்."

புருஷன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். "ஊரான் வீட்டு மெஷினுக்கு அரைமணி நேரம் விசாரணை வைக்கற. பெத்த பொண்ணுக்கு மட்டும் வாயில பூட்டா? நீ பேரண்டாப் போகாத. கம்ப்ளெயின்ட் எடுக்கற ஆளாப் போ."

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அது சுருக்கென்று தைத்தது. டிரம்மக்கா எழுந்து போய்ப் பையிலிருந்து ஒரு ஜாப் கார்டை உருவினாள். அன்றைய தேதியை எழுதினாள். "கிளம்புடி" என்றாள் மகளைப் பார்த்து.

"நானுமா? பேரண்ட்ஸ் மட்டும்தான்னு போட்டிருக்கு."

"கிளம்புன்னா கிளம்பு."

பள்ளி வராந்தாவில் வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஆறு நிமிஷம். ஆறு முடிந்தால் வாசலில் உட்கார்ந்திருக்கும் அலுவலக அம்மாள் மேஜை மணியை ஒரு தட்டுத் தட்டுவார். உள்ளே போகிறவர்கள் எல்லாம் தலையாட்டிக்கொண்டே போய்த் தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். டிரம்மக்காவுக்கு முன்னால் போன தாடிக்காரர் மூன்றாவது நிமிஷமே வந்துவிட்டார். என்ன சொன்னாங்க என்று மனைவி கேட்டதற்கு, "கவனம் வேணுமாம்" என்றார். டிரம்மக்கா அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

கணக்கு சார் ஒல்லியான மனிதர். சட்டைப்பையில் இரண்டு சிவப்புப் பேனா. காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கட்டியிருந்தது.

"உக்காருங்க. பொண்ணு வெளியில இருக்கட்டுமே."

"அவளும் இருக்கட்டும் சார். மெஷினைக் கண்ணுல காட்டாம ரிப்பேர் பண்ணுன்னா நான் எப்படிப் பண்றது?"

"நான் மெஷினாம்மா?" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு."

சார் பெருமூச்சு விட்டார். "லெட்டர்ல எழுதினதுதாம்மா. கவனம் போதல. வீட்டுப்பாடம் யாரையோ பாத்து எழுதறா."

'சரிங்க சார்' நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆறு வருஷப் பழக்கம், லேசில் போகுமா? டிரம்மக்கா அதை விழுங்கினாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கிட்ட வர்றவங்க 'மெஷின் ஓடல'ம்பாங்க. நீங்க 'கவனம் போதல'ங்கறதும் எனக்கு அப்படித்தான் கேக்குது. எந்த இடத்துல நிக்குதுன்னு சொன்னாத்தான் எனக்குப் புரியும். பரீட்சைப் பேப்பர் இருக்கா?"

சார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். காலையிலிருந்து இருபத்தொரு பெற்றோர் வந்து போயிருந்தார்கள். ஒருவர்கூடப் பேப்பரைக் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து ஒரு கட்டைப் பிரித்து, மகளின் மூன்று பேப்பரையும் உருவிப் போட்டார். வீட்டுப்பாட நோட்டு மேஜையிலேயே இருந்தது. டிரம்மக்கா எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தாள். கழற்றிய பாகங்களைத் துணியில் பரப்புவது மாதிரிதான்.

முதல் இரண்டு கணக்கு சரி. மூன்றாவது, மூன்று வரி நன்றாகப் போய் நாலாவது வரியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே வெள்ளைத் தாள். நாலாவது கணக்கும் அப்படியே. ஐந்தாவதும். அடுத்த பேப்பரிலும் அதே கதை.

"எல்லாமே ஒரே இடத்துல நிக்குது பாருங்க சார்."

சார் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். களைப்பெல்லாம் எங்கே போனதோ! "ஆமா... அடைப்புக்குறியைத் திறக்கற இடம். வெளியில மைனஸ் இருந்தா உள்ள இருக்கற குறியெல்லாம் மாறணும். மாத்தாம விட்டிருக்கா. ஆனா வீட்டுப்பாடத்துல ஒண்ணு விடாம மாத்தியிருக்காளே. அதனாலதான் சொல்றேன், யாரோ..."

"இருங்க சார், அதுக்கு அப்புறம் வரலாம். எப்போலேர்ந்து இப்படி?"

மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டினார். போன வருஷம் நாற்பத்தொன்று, முப்பத்தெட்டு, நாற்பத்து மூன்று. இந்த வருஷம் இருபத்திரண்டு, பதினைந்து, ஒன்பது.

"அப்போ இந்த வருஷம் என்னமோ மாறியிருக்கு. வாத்தியார் மாறினாங்களா?"

"ரெண்டு வருஷமும் நான்தாம்மா."

"உக்கார்ற இடம்?"

"அதே ரெண்டாவது பெஞ்சு. உங்க வீட்ல ஏதாவது மாற்றம் உண்டா?"

"வீட்லயா? நல்லதுதான் சார் நடந்திருக்கு. போன வருஷமெல்லாம் நான் வர மணி பத்தாகும். இந்த வருஷம் ஆறு மணிக்கெல்லாம் வந்துடறேன். தினம் நானே பக்கத்துல உக்காந்து..."

பேச்சு நின்றது. அவள் கண் நோட்டின் மேல் இருந்தது. குறி போட்ட இடத்திலும் அதற்குக் கீழே வந்த எண்களிலும் தாள் லேசாகப் பஞ்சு பூத்துத் தேய்ந்திருந்தது. ஸ்க்ரூவின் தலையில் கீறல் தேடிப் பழகிய கண்ணல்லவா, தப்புமா? வரிக்கு வரி பார்த்துக்கொண்டே போனாள். மகள் எழுதிய ஏழெல்லாம் சாதாரண ஏழு. தேய்த்துவிட்டு எழுதிய ஏழு ஒவ்வொன்றிலும் குறுக்குக்கோடு.

வெளியே மணி அடித்தது. ஆறு நிமிஷம் முடிந்தது.

சார் மகளின் பக்கம் திரும்பினார். "இதோ பாரும்மா, யாரைப் பாத்து எழுதினேன்னு மட்டும் சொல்லிடு. நான் பெரிசு பண்ண மாட்டேன்."

மகள் தன் ஷூ நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அப்போதுதான் டிரம்மக்காவுக்கு உறைத்தது. கடிதம் வந்த அன்றிலிருந்தே தெரியும். குழாயைத் திறந்துவிட்டு அழுதாளே தவிர, அம்மாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது டிரம்மக்காவை. மணிதான் அடித்துவிட்டதே, எழுந்து போய்விட்டால் என்ன என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அந்த வங்கி மேனேஜரின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. மனுஷன் பாவம், இப்படித்தான் இருந்திருக்கும் அவருக்கும்.

"அவ யாரையும் பாக்கல சார். நான்தான் கை வச்சது" என்றாள். குரல் தெளிவாகவே வந்தது. அட்டையை நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "என் கையெழுத்தைப் பாருங்க. இந்தக் கோடு போட்ட ஏழு உலகத்துலயே என் ஒருத்தியோடதுதான். தப்பு கண்ணுல பட்டா எனக்குக் கை நிக்காது. தினம் நான்தான் தேய்ச்சு எழுதினேன். இவ்வளவு நாளா நல்லது பண்றேன்னு நினைச்சேன்."

சார் நோட்டையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லிட்டா பாதி வேலை முடிஞ்சுதும்மா" என்றாள் மகள், ஷூவைப் பார்த்தபடியே.

சார் சிரித்துவிட்டார். டிரம்மக்காவுக்கும் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்து தொலைத்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மகளைக் கேட்டாள்: "பரீட்சையில ஏண்டி பாதியில நிறுத்தற? தப்போ சரியோ முழுசா எழுதலாமில்ல?"

"நாலாவது வரி வந்ததும் எங்கேயோ தப்புன்னு தெரியும்மா. ஆனா அதுக்கப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாது. வீட்ல அந்த இடத்துல நீ வந்துடுவே. அங்க யாரும் வரல."

யாரும் வரவில்லையாம். வெள்ளைத் தாளின் முன்னால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு குழந்தை காத்துக்கொண்டிருந்திருக்கிறது. டிரம்மக்காவுக்கு அங்கேயே மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பள்ளிக்கூடம் என்பதால் அவள் ஜடையை மட்டும் சரி செய்துவிட்டாள்.

"ஏம்மா, என்கிட்டயாவது முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று சார் மகளைக் கேட்டார்.

"சரி பண்ணிட்டு அம்மா ரொம்ப சந்தோஷமாப் போவாங்க சார். பாட்டெல்லாம் பாடுவாங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் பெரிய மனசு. "என் மேலயும் தப்பு இருக்கும்மா. வீட்டுப்பாடம் எல்லாம் சரியா வந்ததால இவளுக்குப் புரிஞ்சிடுச்சுன்னு நினைச்சேன். இந்த இடத்தை இவளுக்குத் திருப்பிச் சொல்லியே தரல. அது போதாதுன்னு திருட்டுப் பட்டம் வேற கட்டினேன்." மகளைப் பார்த்து, "மன்னிச்சுக்கம்மா" என்றார். எத்தனை வாத்தியாருக்கு அந்த வார்த்தை வாயில் வரும், சொல்லுங்கள்?

வாசலில் அலுவலக அம்மாள் இரண்டாம் முறை மணியைத் தட்டினார். டிரம்மக்கா அசையவில்லை. வந்த காரியம் இன்னும் முடியவில்லையே.

"சார், அந்த சி பிரிவு."

"பட்டியல் திங்கட்கிழமை போகணுமே."

"பழுது எங்கன்னு இன்னிக்குத்தானே தெரிஞ்சுது? நாங்க ரிப்பேர் பண்ணினதும் மூடியைப் போட்டு மூடிட மாட்டோம். ஒரு தடவை ஓடவிட்டுப் பாப்போம். இவளையும் ஒரு பரீட்சை ஓடவிட்டுப் பாருங்க. அதுலயும் நின்னுட்டா நானே கையைப் புடிச்சுக் கூட்டிட்டு வந்து சி பிரிவுல உக்கார வைக்கறேன்."

"அம்மா!" என்று அலறினாள் மகள்.

சார் யோசித்தார். பிறகு சிவப்புப் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். "மூணு வாரம். பட்டியல்ல இவ பேரைச் சுத்திப் பென்சில்ல வட்டம் போட்டு வைக்கறேன். அடுத்த டெஸ்ட்ல இருபத்தஞ்சு எடுத்தா பேரை எடுத்துடறேன். ஆனா ஒரு கண்டிஷன். வீட்டுப்பாடம் தப்பா இருந்தா தப்பாவே என்கிட்ட வரணும். தப்பைப் பாத்தாத்தான் எதைச் சொல்லித் தரணும்னு எனக்குத் தெரியும்."

"இனிமே கை வைக்க மாட்டேன் சார். எல்லா கஸ்டமரும் சொல்றதுதான் இது. ஆனா நான் நிஜமாச் சொல்றேன்."

அட்டையில் ஒவ்வொரு வரியாக நிரப்பினாள். புகார்: அடைப்புக்குறி திறக்கும் இடத்தில் நிற்கிறது. எப்போதிலிருந்து: அம்மா ஆறு மணிக்கு வர ஆரம்பித்ததிலிருந்து. கடைசியாகக் கை வைத்தது: அம்மா. எழுதி, நோட்டுக்குள் செருகி, மகளிடம் கொடுத்தாள். வெளியே வந்தால் வரிசையில் இருந்தவர்கள் முறைத்தார்கள். "என்னம்மா, பதினஞ்சு நிமிஷமா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். டிரம்மக்கா கூச்சப்படவில்லை. "பரீட்சைப் பேப்பரைக் கேட்டு வாங்கிப் பாருங்க சார். பிள்ளையையும் கூட வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். அவர் "ஓ, பேப்பர் தருவாங்களா?" என்று வாயைப் பிளந்தார்.

கை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள், சரி. சொல்வது சுலபம். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மகள் நோட்டை விரித்தாள். முதல் கணக்கிலேயே, நாலாவது வரியில், மைனஸ் இருக்கவேண்டிய இடத்தில் பிளஸ் நின்றது. எதிர் நாற்காலியிலிருந்தே தெரிந்தது அவளுக்கு. கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். முடியவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனாள். ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த குழாயைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினாள்.

"அதுக்கு என்ன பழுது?" என்றார் புருஷன், வெங்காயம் நறுக்கியபடி.

"ஒண்ணும் இல்ல. என்னை இப்போ எதுவும் கேக்காதீங்க."

முதல் வாரம் நோட்டு முழுக்கச் சிவப்பு வட்டமாக வந்தது. மகள் சிடுசிடுத்தாள். இடைவேளையில் சாரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். வட்டம் ஏழானது, நாலானது, மறுபடி ஆறானது. இரண்டாவது வாரம் ஒருநாள், "அம்மா, இது சரியா பாரேன்" என்று நோட்டை இவள் பக்கம் தள்ளினாள். ஐயோ, என்ன சோதனை! டிரம்மக்கா நோட்டைத் தொடாமல் கேட்டாள்: "எங்க நிக்குது?"

"நாலாவது வரி."

"மூணாவது வரையில நல்லா ஓடுச்சா?"

"ம்."

"அப்போ மூணுக்கும் நாலுக்கும் நடுவுல என்ன பண்ணின?"

மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு நிமிஷம் போயிற்று. பிறகு அவளே ரப்பரை எடுத்தாள். தேய்த்தாள், ஊதினாள், எழுதினாள். டிரம்மக்கா அன்று குழாயைக் கழற்றவில்லை.

மூன்றாவது வாரம் பரீட்சை முடிந்து பேப்பர் கொடுக்கிற நாள். டிரம்மக்கா ஒரு மூன்றாவது மாடி வீட்டில் மெஷினைச் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரே ஸ்க்ரூவை மூன்று தடவை கழற்றி மாட்டினாள். அந்த வீட்டு அம்மாள், "உடம்பு சரியில்லையா அக்கா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது. ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து பையை இறக்கினால், மகள் மேஜையில் உட்கார்ந்து எதுவுமே நடக்காதது மாதிரி பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். புருஷன் சமையலறை வாசலில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார்.

"என்னடி ஆச்சு?"

"என்ன ஆச்சுன்னா?"

"உதை வாங்கப் போற. சொல்லு!"

மகள் பேப்பரை நீட்டினாள். ஐம்பதுக்கு முப்பத்து மூன்று. எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. இரண்டு இடத்தில் சிவப்பு வட்டம் இருந்தது. ஆனால் வெள்ளையாக விட்ட இடம் ஒன்றுகூட இல்லை. கடைசிக் கணக்குவரை ஓடியிருந்தது. அடியில் சார், "பட்டியலில் பேர் அழிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

பேப்பரோடு சேர்த்து அந்தப் பழைய ஜாப் கார்டும் வந்தது. மகள் அதை இத்தனை நாளும் நோட்டுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். கடைசியாகக் கை வைத்தது என்ற வரியில் 'அம்மா' என்பதை ஒரு கோடு போட்டு அடித்திருந்தது. பக்கத்தில், பென்சிலில், 'நான்' என்று எழுதியிருந்தது.

டிரம்மக்கா பேப்பரை மேஜையில் வைத்தாள். மகளைக் கட்டிப்பிடித்து உச்சியில் அழுத்தி ஒரு முத்தம் வைத்தாள். பிறகு அட்டையைத் திருப்பிக் கொடுத்தாள்.

"கீழ கையெழுத்து யாரு போடுவா? கஸ்டமர் கையெழுத்து இல்லாம கார்டு செல்லாது."

மகள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் தேதியும் எழுதினாள். அன்றைக்குப் பதினேழாம் தேதி. அவசரத்தில் எழுதிய அந்த ஏழு, பார்ப்பதற்கு அசல் ஒன்றாம் எண் மாதிரியே இருந்தது. டிரம்மக்காவுக்குக் கை துறுதுறுத்தது. நடுவில் ஒரே ஒரு கோடு போட்டால் போதும். பென்சில்கூடப் பக்கத்திலேயே கிடந்தது.

அட்டையை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.